உப்புக் கதவின் கடைசிப் பக்கம்

சயான், மும்பை
27.4.2025

அன்புள்ள யோகம்,

அண்ணன் எழுதுகிறேன். ‘பேசுகிறேன்’ என்று எழுதத்தான் பேனா போனது. அந்த வார்த்தைக்கு இனி என்னிடம் வேலை இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். குரல்வளையை எடுத்தாயிற்று. கழுத்தில் ஒரு துவாரம், மூச்சு அதன் வழியாகத்தான். லாரி ஆபீஸில் நான் போடுகிற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும் என்பார்கள். இப்போது பூனை மாதிரி வீட்டுக்குள் நடமாடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து இன்றைக்குத்தான் வீடு அமைதியாக இருக்கிறது என்று உன் மதினி கேலி செய்தாள். செய்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. எனக்குப் போனது குரல்தான், காது இல்லை.

போன் பண்ண வேண்டாம் என்று மகள் அனுவை விட்டுச் சொல்லச் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ பேசிக்கொண்டே போவாய், நான் ‘ம்’ கூடக் கொட்ட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்கிறவன் ம் கொட்டாவிட்டால் சொல்கிறவளுக்கு என்ன மரியாதை? வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஊரெல்லாம் கைகூப்பிய பொம்மை அனுப்புகிறது. அதனால் நீ திருநெல்வேலி ஹாஸ்டலில் இருந்தபோது எழுதிக்கொண்டோமே, அது மாதிரி எழுதுவோம். உன் கையெழுத்தைப் பார்த்தும் நாளாயிற்று.

உனக்கு ஒரு பார்சல் வரும். ‘உப்புமலைக் கோட்டை’. அப்பா வாராவாரம் பத்திரிகையில் இருந்து கிழித்து வைத்தாரே, அதே தொடர்கதைதான். இப்போது பரிசுப் பதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். கெட்டி அட்டை, தங்க எழுத்து, செருகி வைக்கப் பெட்டி, உள்ளே கலர் கலராகப் படம். அனு கம்ப்யூட்டரில் பார்த்துப் பணம் கட்டினாள். எனக்கு வாங்கவில்லை, உனக்கு மட்டும்தான். படித்து முடித்ததும் கடைசி அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது.

நம்ம ஊர்க் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்துவிடுவேன். உன் வீட்டு மாடியில் எனக்கு ஒரு பாய் போட்டு வை.

உன் அண்ணன்
சங்கரபாண்டியன்

*

சங்கரன்கோவில்
11.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை யோகலட்சுமி அநேக ஆசையோடு எழுதியது. நான் தாலுகா ஆபீஸில் இருந்தபோது பார்சல் வந்திருக்கிறது. உன் மாப்பிள்ளைதான் வாங்கி வைத்தார். கனத்தைப் பார்த்து மும்பையில் இருந்து மச்சான் அல்வா அனுப்பியிருக்கார் என்று நினைத்தாராம். இருட்டுக்கடை ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மும்பை அல்வாவுக்கு ஆசைப்படுகிற ஆளை எனக்குக் கட்டிவைத்தது நீதான்.

புத்தகம் அழகாக இருக்கிறது, அண்ணே. பெட்டியில் இருந்து உருவியதும் முதலில் மோந்துதான் பார்த்தேன். ஆனால் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. காரி என்கிற யாளியை சர்க்கஸ் சிங்கம் மாதிரி வரைந்திருக்கிறார்கள். திரையனுக்கு மீசை வைத்துவிட்டார்கள். அவனுக்கு ஏது மீசை? தங்கச்சி அல்லியைக் கூட்டிக்கொண்டு, பூதம் பூட்டி வைத்த மழையை மீட்கப் புறப்பட்டபோது அவனுக்கு அன்றைய உன் வயசுதானே. அப்போது உனக்குப் பூனை மயிர்தான் இருந்தது.

அப்பாவின் பழைய பைண்டிங்கையும் பீரோவில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும். கதை முடியச் சில வாரங்கள் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அதன் பிறகு நம் வீட்டில் பத்திரிகை வாங்க யாருக்கு மனசு இருந்தது? நீதான் அதுவரை சேர்ந்த தாள்களை ஹுசைன் அண்ணாச்சி பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனாய். விட்டுப்போனது எப்போதாவது கிடைத்தால் ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர் கடைசியில் வெள்ளைத்தாள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அந்தத் தாள்கள் இன்னும் வெறுமனேதான் இருக்கின்றன.

நம் கதை நின்ற இடமும் அப்படியே இருக்கிறது. கோட்டையின் உப்புக் கதவு மேலே இருந்து இறங்குகிறது. திரையன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, மழைக்குடத்தோடு ஓடு என்று அல்லியை வெளியே தள்ளுகிறான். அடுத்த வாரம் என்று போட்டிருக்கிறது. அவன் என்ன ஆனான் என்று கேட்டு நான் சோறு தின்னாமல் கிடந்தேன். நீ ஒருநாள் முடிவெட்டப் போய்விட்டு ஓடிவந்தாய். “சலூன்ல கடைசி வாரம் கிடந்துச்சு. படிச்சிட்டேன். திரையன் வந்துட்டாம்ட்டி, எந்திச்சுச் சாப்பிடு” என்றாய். அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

தினம் ஒரு அத்தியாயம் என்று வைத்திருக்கிறேன். மெதுவாகப் போகட்டும். நீயும் மருந்தை மறக்காமல் சாப்பிடு. மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன்
யோகம்

*

மும்பை
24.5.2025

அன்புள்ள யோகம்,

மீசை விஷயம் படித்துச் சிரித்தேன். சத்தம் வராமல் சிரித்தால் பார்க்கிறவர்களுக்கு இழுப்பு வந்த மாதிரி இருக்கும் போல. மதினி பயந்து ஓடிவந்தாள். இனிமேல் சிரிக்க வைக்கிற விஷயத்தைக் கொஞ்சம் குறைத்து எழுது.

கழுத்துக்குக் கரண்ட் வைக்கிறார்கள், அதுதான் ரேடியேஷன். வாயால் எதுவும் சாப்பிட முடியவில்லை, மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சி. இந்த நிலைமையில் அனு யாரோ ஸ்டேட்டஸில் வைத்த சங்கரன்கோவில் பிரியாணி வீடியோவைக் காட்டுகிறாள். பெற்ற பிள்ளையே எதிரி.

டாக்டர் நல்ல மனுஷன். என்னிடம் பேசும்போது ஜன்னலைப் பார்க்கிறார், உன் மதினியிடம் பேசும்போது தரையைப் பார்க்கிறார். நான் கேட்க வேண்டியதைச் சிலேட்டில் எழுதினால், “ஆடி மாசம் ஊருக்குப் போகலாம்” என்கிறார். அவருக்கு ஆடி மாசம் என்றால் என்னவென்று தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

நீ புத்தகத்தைச் சீக்கிரம் படி. தினம் ஒன்று என்று பத்தியம் வைத்துப் படிக்க இது லேகியமா?

அண்ணன்

*

சங்கரன்கோவில்
10.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஆபீஸில் ஜமாபந்தி. மேலநீலிதநல்லூர் பக்கத்து ஆட்களெல்லாம் மனுவோடு வந்து நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் கண் இரண்டும் எரிகிறது. எழுத்து சிறியதாக இருக்கிறது, புத்தகமும் மடியில் வைக்க முடியாத கனம்.

மதினி போன் பண்ணினாள். ரொம்ப நேரம் பேசினாள். மிளகுரசம் வைப்பது பற்றித்தான். நீ நன்றாகத் தேறி வருவதாகச் சொன்னாள். அவளுக்கு ஜலதோஷம் போல, குரல் கம்மியிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நான் ஒரு எட்டு வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று நினைத்தேன். டிக்கெட் கூடப் பார்த்தேன். பிறகு, என்ன அவசரம், நீதான் தபசுக்கு வரப்போகிறாயே என்று விட்டுவிட்டேன். நான் இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் நீ, என்னமோ ஏதோ என்று நினைப்பாய். அதோடு லீவு கிடைப்பதும் கஷ்டம்.

மாடியைச் சுத்தம் பண்ணி வெள்ளையடித்தாயிற்று. பாய் போடச் சொன்னாய், நான் கட்டிலே வாங்கிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். கோமதியம்மாளுக்கு உன் பெயரில் மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன். கோயில் புற்றுமண் கொஞ்சம் இதோடு வைத்திருக்கிறேன். நெற்றியில் இட்டுக்கொள். நீ சாமியைக் கேலி செய்கிற ஆள்தான், எனக்காக இட்டுக்கொள்.

உன்
யோகம்

*

மும்பை
21.6.2025

யோகம்,

புற்றுமண் இட்டுக்கொண்டேன். மிளகுரசம் வைக்க உனக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு உன் மதினிக்குச் சமையல் தெரியாது. எனக்குக் குழாயில்தான் கஞ்சி, இதில் ரசம் யாருக்கு?

பேனா பிடிக்கக் கை சோர்கிறது, சுருக்கமாகக் கேட்கிறேன். திரையன் வந்தானா, வரவில்லையா? புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை எழுது.

அண்ணன்

*

சங்கரன்கோவில்
30.6.2025

என் அண்ணனுக்கு,

படித்து முடித்துவிட்டேன். திரையன் வந்துவிட்டான்.

கதவு இறங்கிக்கொண்டே வருகிறது. அவன் தோள் வலி தாங்காமல் முட்டி போட்டுவிடுகிறான். அப்போது காரி யாளி மலையைச் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறது. தன் முதுகைக் கதவுக்கு அடியில் கொடுத்து ஒரு எக்கு எக்குகிறது. கதவு மேலே போகிறது. திரையன் உருண்டு வெளியே வந்துவிடுகிறான். அல்லி அவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மழைக்குடத்தை உடைக்கிறார்கள். ஊர் வரைக்கும் நனைந்துகொண்டே போகிறார்கள். அம்மா சுடுசோறு வைத்துக் காத்திருக்கிறாள். கடைசிப் படத்தில் இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிடுகிறார்கள். அருமையான படம். மீசையைக்கூட மன்னித்துவிட்டேன்.

நீ அன்றைக்குச் சலூனில் படித்தது அப்படியே இருக்கிறது, ஒரு சொல் மாறவில்லை. அதனால் மனசை அலட்டிக்கொள்ளாமல் இரு. தபசுக்கு நீ வரும்போது மாடியில் உட்கார்ந்து நானே உனக்கு முழுப் புத்தகத்தையும் வாசித்துக் காட்டுகிறேன். ராயகிரிப் பக்கம் நல்ல மழை. இந்த வருஷம் தபசன்று சாமி மேல் அள்ளி வீசிச் சூறை விட விவசாயிகளிடம் பருத்தியும் வத்தலும் நிறைய இருக்கும் என்கிறார்கள். நீ வந்துவிடு.

உன்
யோகம்

*

மும்பை
14.7.2025

அன்புள்ள என் தங்கச்சி,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணினால் திட்டாதே.

காரி யாளி முதுகு கொடுத்துக் கதவைத் தூக்கவில்லை, யோகம். அது புத்தகத்தில் இருக்க வழியில்லை. ஏனென்றால் அது நான் கட்டிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. திரையன் எப்படி வந்தான் என்று நீ பிடுங்கி எடுத்தாய். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எருமை கம்பிக்கு அடியில் முதுகை நுழைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சலூனில் படித்தது உண்மை. திரையன் வரவில்லை. கதவைப் பிடித்தபடியே உப்பாகிவிட்டான். அப்பா போய் மாதம்கூட ஆகவில்லை, அதை வந்து உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அன்றைக்குச் சொன்ன பொய்க்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. நீ சாப்பிட்டாய், எனக்கு அது போதும்.

இப்போது புத்தகத்தை அனுப்பியதும் அதற்குத்தான். எனக்கு இது தேறாது என்று ஆபரேஷன் முடிந்த வாரமே தெரியும். ரிப்போர்ட்டை அனுவின் பையில் இருந்து எடுத்துப் படித்துவிட்டேன். மதினி உனக்குப் போனில் சொல்லியிருப்பாள், அவருக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருப்பாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அப்படியே இருக்கட்டும். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்போது இந்தப் புத்தக விளம்பரத்தை அனு காட்டினாள். நான் சொல்ல வேண்டியதை அது சொல்லிவிடும், நீயும் படித்துவிட்டு, அவன் வரவில்லையே அண்ணே என்று எழுதுவாய், அதன் பிறகு நாம் இரண்டு பேரும் மறைக்காமல் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். நீ என்னடா என்றால் என் பொய்யை எனக்கே திருப்பி அனுப்புகிறாய். எருமையைக்கூட விடவில்லை.

படித்துவிட்டு அழுதேன். சந்தோஷமாகவும்தான் இருந்தது.

போதும் யோகம். எனக்குப் பயம் வந்துவிடக் கூடாது என்றுதானே நீ வராமல் இருக்கிறாய்? எனக்குப் பயம் வந்து போய்விட்டது. தபசுக்கு என்னால் வர முடியாது. நீ கிளம்பி வா. தபசுக்கு முன்னால் வந்தால் போதும், அதுவரை தாங்கும் என்று தோன்றுகிறது. லீவு கிடைக்கவில்லை என்று என்னிடம் கதைவிடாதே.

வரும்போது அந்தப் புத்தகத்தைக் கொண்டு வா. ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. சலூனில் நான் படித்த இதழில் கடைசிப் பக்கம் இல்லை. சவர நுரையை வழித்துத் துடைக்க சலூன் அண்ணாச்சி அதைக் கிழித்துவிட்டார். கேட்டதற்கு, “ஏலே, அதான் செத்துட்டாம்லா, இன்னும் என்ன கதை” என்றார். திரையன் உப்பானதோடு முடிந்துவிட்டதா, அதற்கு மேலும் ஏதாவது இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை நீ வந்து வாசித்துக் காட்டு. இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி வாசி.

உன் அண்ணன்
சங்கரபாண்டியன்

*

சங்கரன்கோவில்
11.8.2025

அண்ணே,

நேற்றுத்தான் மும்பையில் இருந்து திரும்பினேன். தபசு முடிந்துவிட்டது. ரதவீதியில் சூறை விட்ட பருத்தி இன்னும் ஓரத்தில் கிடக்கிறது. மாடிக் கட்டிலில் உன் மாப்பிள்ளை துணி காயப்போட்டிருந்தார். தெரியாமல்தான் செய்திருப்பார். நான் சண்டை போட்டேன். அவர் பாவம், துணியை எடுத்துவிட்டுக் கட்டிலைத் துடைத்து வைத்தார்.

உன் கடிதம் கிடைத்த அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நிற்கிற நிலைமையில் நான் இல்லை. கோவில்பட்டியில் வண்டி ஏறினேன். பெட்டியில் வைக்க மனசில்லாமல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கத்தை மதினியை விட்டு உனக்குப் போனிலேயே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உன் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் என்னை ஏமாற்றிவிட்டது. சோலாப்பூரில் வண்டி நிற்கும்போது அனு கூப்பிட்டாள். அத்தை என்று மட்டும்தான் சொன்னாள்.

ஜூன் மாதம் பார்த்த டிக்கெட்டை அன்றைக்கே எடுத்திருந்தால் உன்னோடு எத்தனை நாள் இருந்திருக்கலாம். நீ பயந்துவிடுவாய் என்று நான் இங்கே இருந்தேன். நான் உடைந்துவிடுவேன் என்று நீ அங்கே வாய் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றிக்கொண்டே இருந்துவிட்டோம். எனக்கு ஆறவே இல்லை, அண்ணே.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கழுத்துத் துவாரத்தைத் துண்டு போட்டு மறைத்திருந்தாள் மதினி. வந்தவர்களுக்கு நடுவில் கதைப்புத்தகத்தைத் திறக்க முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, யார் என்ன நினைத்தால் எனக்கென்ன என்று உன் தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தேன். சத்தமாகத்தான் வாசித்தேன். கூட்டம் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது. வழக்கம் போல ஒரு வரி முடிந்ததும் நிறுத்தினேன். ம் சொல்ல ஆளில்லை.

அப்பா படித்துவிட்டு நமக்காகச் சேர்த்த கதையில் அல்லி தப்பித்த மாதிரி நான் தப்பித்து ஓடியது உன்னால்தான். நீ பள்ளிக்கூடத்தை விட்டு லாரி ஆபீஸுக்குப் போனாய். நான் ஹாஸ்டலுக்குப் போனேன். நீ தோள் கொடுத்த கதவு வழியாகத்தான் நான் வெளியே வந்தேன். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. உனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. அப்பாவின் பைண்டிங்கில் ஹுசைன் அண்ணாச்சி வைத்துக் கொடுத்த வெள்ளைத்தாள் இருக்கிறதே, அதில் ஒட்டப்போகிறேன். விட்டுப்போன வாரம் அதுதான். சலூன் அண்ணாச்சி நுரை துடைத்த பக்கத்தில் என்ன இருந்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

அல்லி திரும்பி வருகிறாள். தலை நரைத்த பிறகு வருகிறாள். அவள் கொண்டுபோன மழை வருஷா வருஷம் பெய்து உப்புமலையைக் கரைத்துவிட்டது. கோட்டை இல்லை, பூதம் இல்லை, திரையனும் இல்லை. கதவு மட்டும் பாதி நிற்கிறது. அதில் அவன் தோள் பதிந்த குழி இருக்கிறது. அல்லி அந்தக் குழியில் தன் தோளை வைத்துச் சாய்ந்துகொள்கிறாள். படமும் அதுதான். அவள் முகத்தை வரையவில்லை, முதுகைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

தாமதமாகத்தான் வருகிறாள், அண்ணே. ஆனால் வந்துவிடுகிறாள்.

உன்
யோகம்